ஆக்லாந்தில் இரண்டு வெள்ளிக்கிழமை

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி. ஆக்லாந்து விமான நிலையத்தில் நியூசிலாந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் செருப்பில் மண் ஒட்டியிருக்கிறதா?" என்பதுதான். சீருடை போட்ட ஓர் இளைஞர் என் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பையிலிருந்த கறிவேப்பிலையை எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டார். அது ரசத்துக்கு என்று விளக்கினேன். பூச்சி வரும் என்றார். பதினோரு மணி நேரம் விமானத்தில் வந்த கறிவேப்பிலையில் எந்தப் பூச்சி உயிரோடு இருக்கும் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கறிவேப்பிலையைக் குப்பையில் போட்டார்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பினாங்கில் ஓர் இடைநிலைப் பள்ளியில் நான் கட்டொழுங்கு ஆசிரியை. என் வாய்க்குப் பயந்து தலைமையாசிரியரே வேறு படிக்கட்டில் இறங்குவார் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். அந்த வாய்க்காகத்தான் எங்கள் நிவாரணக் குழு என்னை இவ்வளவு தூரம் அனுப்பியது.

இது 1995 நவம்பர். போன மாதக் கடைசியில் யாழ்ப்பாணத்துச் சனம் வீடு வாசலை விட்டுக் கூட்டங்கூட்டமாக வெளியேறிய படங்களை நீங்களும் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். எங்கள் குழு பினாங்கில் மருந்தும் பால்மாவும் சேர்த்துப் பெட்டிகளில் கட்டி வைத்திருந்தது. ஆனால் கப்பல் ஏஜெண்டு ஏற்ற மறுத்தார். "ஏதாவது நாலு அரசாங்கம் சேர்ந்து, மருந்தும் சாப்பாடும் போக வழிவிடணும்னு எழுத்தில கேட்டிருந்தா கொண்டாங்க. நல்ல மனசுக்கெல்லாம் கப்பல் போகாது" என்றார். அப்படி எழுதக்கூடிய ஒரு கூட்டம் ஆக்லாந்தில் நடக்கவிருந்தது. பசிபிக் கடலோர நாடுகள் சில ஒரு கூட்டணியாக இருக்கின்றன. பெரியவையும் உண்டு, வரைபடத்தில் புள்ளியாகக்கூடத் தெரியாத தீவுகளும் உண்டு. அவர்களுக்கு எட்டாத தொலைவில் இருக்கிற இந்து சமுத்திரப் பகுதியைப் பற்றி எல்லாரும் சேர்ந்து ஒரே வெளியுறவுக் கொள்கை வகுப்பதுதான் கூட்டத்தின் நோக்கம். கூட்டணியின் பெயரையும் நாடுகளின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. அதில் ஒரு பெண்மணிக்கு இன்னும் உத்தியோகம் இருக்கிறது.

எங்கள் நாடு அந்தக் கூட்டணியில் இல்லை. எனக்குக் கிடைத்தது கழுத்தில் தொங்கவிடுகிற பார்வையாளர் அட்டை மட்டும். உள்ளே பேச உரிமை இல்லை, வராந்தாவில் நிற்கலாம்.

வெளியே பவானி காத்திருந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், முப்பத்தைந்து வயது, விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் வேலை. எங்கள் குழுவில் ஒருவருக்குத் தூரத்துச் சொந்தம். ஹோட்டல் அறைக்கு ஓர் இரவுக்கு நூற்றைம்பது டாலர் என்று கேட்டுவிட்டு நான் மயங்கி விழாத குறையாக நின்றபோது, "எங்கட வீட்டில நில்லுங்கோ" என்று தொலைபேசியில் சொன்னவள் அவள்.

அங்கிருந்து மங்கரேயில் அவள் வீட்டுக்கு ஆறு கிலோமீட்டர். பழைய டொயோட்டா வேன். பின்கதவைச் சாத்தினால் முன்கதவு திறந்துகொள்ளும். வழியெல்லாம் ஒரே மாதிரியான மரவீடுகள், வீட்டுக்கு வீடு புல்தரை, தெருவுக்கு ஒரு மாதாகோயில், மூலைக்கு ஒரு டேரி. டேரி என்றால் பால்பண்ணை என்று நினைத்துவிட்டேன். பாலிலிருந்து பல்பொடி வரை விற்கிற மூலைக்கடைக்குத்தான் இங்கே அந்தப் பெயராம்.

"அம்மா அப்பா எங்கேம்மா இருக்காங்க?" என்று கேட்டேன்.

"சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில இருக்கினம் எண்டு கடைசியாத் தெரியும், டீச்சர். அப்பாவுக்குச் சீனி வருத்தம். கையில எத்தினை நாளுக்கு மருந்து இருக்கோ தெரியாது." சிக்னலில் பச்சை விழுந்தும் அவள் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். "நீங்கள் அந்தக் கூட்டத்தில அதைக் கதைப்பியள்தானே?"

"அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்றேன். வராந்தாவில் நிற்க மட்டுந்தான் எனக்கு அனுமதி என்று அந்த நேரத்தில் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

பக்கத்து வீட்டில் லூசி என்று ஒரு தீவுக்காரப் பெண்மணி. அன்று மாலை வேலிக்கு மேலாக ஒரு கிண்ணத்தில் தேங்காய்ப்பாலில் வேகவைத்த கீரை வந்தது. கிண்ணத்தை நீட்டிய கை லூசியுடையது அல்ல, அவளுடைய அக்காவுடையது. பெயர் மெரே. ஐம்பது வயதிருக்கும்; காதோரம் ஒரு வெள்ளைப் பூ, தோளில் கோப்புகள் நிறைந்த துணிப்பை. எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று விசாரித்தால், தன் தீவு நாட்டின் பிரதிநிதியாக அதே மாநாட்டுக்கு வந்திருக்கிறாளாம்! தூதுக்குழு என்றால் அவள் ஒருத்திதான். ஹோட்டலுக்குக் கொடுக்க அவர்கள் கஜானாவிலும் காசு இல்லை. வேலியின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஒரு நாடு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும்தான்.

புதன், காலை எட்டு மணி. பவானி எங்கள் இருவரையும் வேனில் ஏற்றிக்கொண்டாள். நகரத்துக்கு இருபது கிலோமீட்டர். டாக்சியில் போனால் நாற்பது டாலர் என்று சொல்லிச் சொல்லியே ஓட்டினாள். மாநாடு நடந்தது துறைமுகத்தைப் பார்த்த ஒரு பெரிய ஹோட்டலில். ஜன்னலுக்கு வெளியே பாய்மரப் படகுகள். உள்ளே கம்பளம் அவ்வளவு மெத்தென்றிருந்ததால் அங்கே நடப்பவர் வருவதே காதில் விழாது.

வராந்தா வேலை எப்படி என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். லிப்ட் அருகே நிற்க வேண்டும். ஏழு மாடி இறங்குவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். காப்பி மேசையருகே நிற்கலாம், ஆனால் அங்கே காப்பி இரண்டரை டாலர். நான் ஒரே கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தூதுக்குழுக்களைப் பிடித்தேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள், தலையாட்டினார்கள். எங்கள் பள்ளியில் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகளும் அப்படித்தான் தலையாட்டுவார்கள்.

கூட்டத் தலைவரையும் பிடித்தேன். உயரமான மனிதர், வெள்ளைத் தலை, குழைவான பேச்சு. வரைவறிக்கையில் கடற்பாதைக்கு ஆறு பத்தி, சூரை மீனுக்கு மூன்று பத்தி, இடம்பெயர்ந்த சனத்துக்கு ஒரே ஒரு பத்தி என்று மெரே சொல்லியிருந்தாள். அந்த ஒரு பத்தியில்தான் எனக்கு வேண்டிய வாக்கியம் இருந்தது: உணவும் மருந்தும் பொதுமக்களைத் தடையின்றிச் சென்றடைய எல்லாத் தரப்பும் வழிவிட வேண்டும்.

"அது அப்படியே இருக்கும்தானே?" என்று கேட்டேன்.

"கவலை வேண்டாம், அம்மணி" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "பசித்தவனுக்குச் சோறு போகட்டும் என்பதை யார் எதிர்ப்பார்கள்?"

அவ்வளவு நல்ல பதிலை நான் நம்பவில்லை. இருபது வருடமாகப் பிள்ளைகளை விசாரிக்கிறவள் நான்.

வியாழன் மாலை நான்கு மணிக்கு இறுதி வரைவு வெளியே வந்தது. வேனில் ஏறியதும் மெரே அதை என் மடியில் வைத்தாள். கடற்பாதை ஆறு பத்தியும் இருந்தது. சூரை மீன் நான்கு பத்தியாகப் பெருத்திருந்தது. சனத்தின் பத்தியைக் காணோம். அந்த இடத்தில், "இப்பகுதியின் நிலைமையைத் தொடர்ந்து கவனித்து வருவோம்" என்று ஒரு வரி உட்கார்ந்திருந்தது.

"கவனிக்கப் போறாங்களாம்! மேலே மாடியில உட்கார்ந்து மீன் தின்னுக்கிட்டே கவனிப்பாங்க!" என்று கத்தினேன். பவானி வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டாள்.

மெரே அவர்கள் நடைமுறையை விளக்கினாள். அவள் பேசியது ஆங்கிலம். நான் என் தமிழில் தருகிறேன். "இங்க கை தூக்கி ஓட்டுப் போடுறதில்ல. வரைவை எல்லாருக்கும் கொடுத்து ஒரு கெடு வைப்பாங்க. அதுக்குள்ள யாரும் எழுத்தில ஆட்சேபிக்கலன்னா, எல்லாரும் ஒப்புக்கிட்டதா அர்த்தம். ஒரே ஒரு நாடு ஆட்சேபிச்சாப் போதும், அந்தப் பத்தியைத் திறந்து மறுபடி பேசியாகணும்."

"அப்ப நீங்க ஆட்சேபிங்க!"

"நான் சொன்னா அது என் நாடு சொன்ன மாதிரி. மந்திரி உத்தரவு வேணும். அவர் படகுல வெளித்தீவுக்குப் போயிருக்கார். அங்க போன் கிடையாது. எங்க கணக்குக்கு வியாழன் சாயங்காலந்தான் திரும்புவார், அதுக்குள்ள இங்க கெடு தாண்டிடும்." அவள் காதோரப் பூவை எடுத்துப் பையில் வைத்தாள். "கெடு வெள்ளி மதியம். என்னால முடியல, டீச்சர்."

இன்னொன்றும் சொன்னாள். கூட்டத்தில் ஒரு பெரிய நாட்டின் அதிகாரி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அவர்கள் தீவின் படகுத்துறையைப் பழுதுபார்க்கக் கொடுக்கிற பணம் பற்றி அன்பாக விசாரித்தாராம். நல்லவேளை, அந்த அன்பு என்னிடம் காட்டப்படவில்லை. காப்பியை அவர் சட்டையில் ஊற்றியிருப்பேன்.

வெள்ளி, நண்பகல். ஹோட்டல் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாட்டுப் பிரதிநிதிகள் இருக்கிற கட்டடத்தில் ஒருவர்கூடச் செயலக மேசைக்குப் போய் ஒரு தாளைக் கொடுக்கவில்லை. எல்லார் வாயிலும் கொழுக்கட்டை. பன்னிரண்டு அடித்ததும் செயலகத்துப் பெண் கோப்பை மூடிவிட்டுச் சாண்ட்விச் சாப்பிடப் போனாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அறிக்கையைப் படித்துக் கையெழுத்திடுவார்கள், பார்வையாளர்களும் வரலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

மெரே அலுவலாக இருந்தாள். நான் தனியாகப் பஸ் பிடித்தேன். மூன்று டாலர் இருபது காசு. ஓட்டுநர், அவரும் ஒரு தீவுக்காரர்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாவு வீட்டிலிருந்தா வருகிறீர்கள்?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். பவானிக்கு என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். வீட்டில் அவள் கதவைத் திறந்ததும் நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. "தேத்தண்ணி போடுறன்" என்று உள்ளே போனாள். தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது; அவள் அடுப்பை அணைக்கவில்லை. நான்தான் போய் அணைத்தேன்.

மாலை ஆறு மணிக்கு வேலிக்கு மேலே லூசியின் தலை. அன்று அவளுக்குப் பிறந்தநாள். வந்தே ஆக வேண்டும் என்றாள். எனக்கு எரிச்சல்தான். ஆனால் துக்கத்தோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் பவானி உடைந்து போவாள் என்று அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். நவம்பரில் இங்கே எட்டு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கிறது. கொல்லையில் பாய் விரித்து, மாதாகோயில் கூட்டம் பாதி அங்கேதான். பன்றியிறைச்சி, மரவள்ளிக்கிழங்கு, பெரிய வெள்ளைக் கேக். மெரேயும் வந்துவிட்டிருந்தாள், மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் பூ இல்லை.

லூசி கேக்கில் சரியாகப் பாதியைத்தான் வெட்டினாள். மீதிப் பாதியை மூடி உள்ளே எடுத்துப் போனாள்.

"ஏன், யாருக்காவது எடுத்து வைக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"நாளைக்கும் பிறந்தநாள் இருக்குதே!" என்றாள் லூசி. "இது ஆக்லாந்துப் பிறந்தநாள். நாளைக்குத்தான் எங்க ஊர்ல பிறந்தநாள். இங்க வெள்ளின்னா அங்க இன்னும் வியாழந்தான். தேதிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நாங்க. நாளைக் காலையில ஊர்லேயிருந்து எல்லாரும் போன் பண்ணுவாங்க, மறுபடி மெழுகுவத்தி ஊதுவேன். இங்க குடிவந்ததிலிருந்து எங்க தெருவுல எல்லாருக்கும் ரெண்டு பிறந்தநாள். வயசு மட்டும் ஒண்ணுதான் கூடும்!"

பாய் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கையிலிருந்த மரவள்ளிக்கிழங்கைக் கீழே வைத்தேன்.

"மெரே, அந்த வரைவு எங்கே?"

அவள் துணிப்பையிலிருந்து எடுத்தாள். கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே, கெடு எழுதியிருந்தது: வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணி. அவ்வளவுதான். எந்த ஊர் நேரம் என்று ஒரு வார்த்தை இல்லை. அவசர அவசரமாகச் சனத்தின் பத்தியைக் கிழித்தவர்கள், தங்கள் கூட்டணி தேதிக் கோட்டின் இரு பக்கமும் கால் பரப்பி நிற்கிறது என்பதை மறந்துவிட்டார்கள்.

மெரே என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "எங்க நாட்டில இன்னும் வெள்ளி விடியவே இல்லையே" என்று மெதுவாகச் சொன்னாள்.

"உங்க ஊர்ல வெள்ளி மதியம்னா இங்க என்ன நேரம்?"

"சனி காலை பதினொண்ணு."

"கையெழுத்து பத்து மணிக்கு!"

பவானிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "அப்ப இன்னும் முடியேல்லையோ, டீச்சர்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் நகம் பதிந்த இடம் மறுநாளும் வலித்தது.

மெரே எழுந்து தொலைபேசிக்குப் போனாள். அவள் ஊரில் அப்போது வியாழன் இரவு எட்டு மணி; மந்திரி படகிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்திருந்தார். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. ஆனால் நிறைய நேரம் அவள் பேசினாள், பிறகு நிறைய நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். படகுத்துறை என்று நான் ஊகித்தேன். போனை வைத்துவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தாள்.

"படகுத்துறைக்குப் பணம் வராமப் போகலாம்னு சொன்னேன். அவர் கேட்டார், மருந்தும் சாப்பாடும்தானே, வேற ஒண்ணுமில்லையேன்னு. வேற ஒண்ணுமில்லன்னேன். புயலடிச்ச வருஷம் நம்ம சனம் மாதாகோயில்ல படுத்துக் கிடந்தப்ப, எந்த ஊர்க்காரனோ கப்பல் அனுப்பினான், அவன் பேர்கூட நமக்குத் தெரியாதுன்னார். துறை இல்லாம நாம மீன் பிடிக்கலையா, போய்ச் சொல்லுன்னார்."

பவானி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். லூசி உள்ளே போய் ஒரு வெள்ளைப் பூவைக் கொண்டுவந்து அக்காவின் காதில் செருகினாள்.

சனி, காலை பத்து மணி. பார்வையாளர்களுக்குக் கடைசி வரிசை. பவானியும் என் பக்கத்தில் இருந்தாள். காவலாளியிடம் அவள் என் காரியதரிசி என்று சொல்லி உள்ளே கொண்டுவந்துவிட்டேன். மேடையில் பூச்சாடி, கொடிகள், பேனாக்கள். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கெடு முடிந்தது, ஆட்சேபம் ஏதும் வரவில்லை என்று தொடங்கினார்.

"தலைவர் அவர்களே" என்று மெரே எழுந்தாள். கையில் ஒரு தாள். "என் அரசாங்கத்தின் ஆட்சேபத்தை எழுத்தில் தருகிறேன். இடம்பெயர்ந்த மக்களைப் பற்றிய பத்தியைத் திரும்பச் சேர்க்கும் வரை நாங்கள் சம்மதிக்க மாட்டோம்."

தலைவர் சிரித்தார். குழந்தையைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது. "அம்மணி, கெடு நேற்று மதியம் முடிந்துவிட்டது."

"கெடு வெள்ளி நண்பகல். என் நாட்டில் இப்போது வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது."

யாரோ கொல்லென்று சிரித்தார். பிறகு எல்லாரும் தாளைப் புரட்டுகிற சத்தம். நான் தேடியது போலவே ஒவ்வொருவரும் கடைசிப் பக்கத்தைத் தேடினார்கள். தலைவரின் காது சிவப்பதைக் கடைசி வரிசையிலிருந்தே பார்க்க முடிந்தது.

"கூட்டம் நடப்பது ஆக்லாந்தில். ஆக்லாந்து நேரம் என்பது சொல்லாமலே விளங்கும்" என்றார்.

"எங்களுக்கு விளங்கவில்லை" என்றாள் மெரே. அவள் குரல் உயரவே இல்லை. "நாம் எல்லாரும் சமம் என்று முதல் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். என் நாட்டு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அல்ல என்று நீங்கள் தீர்ப்புச் சொன்னால், அதை அப்படியே பதிவு செய்யச் சொல்லுங்கள். நான் உட்கார்ந்துவிடுகிறேன்."

எனக்கு எழுந்து கை தட்ட வேண்டும்போல் இருந்தது. பவானி என் சேலையைப் பிடித்து இழுத்து வைத்திருந்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கமிருக்கிற இன்னொரு தீவின் பிரதிநிதி, அதுவரை தூங்கிக்கொண்டிருந்தார் என்றே நினைத்தேன், மெல்லக் கையைத் தூக்கி, "எங்களுக்கும் இன்று வெள்ளிதான்" என்றார். பிறகு இன்னொரு கை. அந்த நாடுகள் எங்கள் சனத்துக்காகக் கை தூக்கவில்லை. தங்கள் வெள்ளிக்கிழமைக்காகத்தான் தூக்கின. எனக்கென்ன? கை கைதான்.

தலைவர் கூட்டத்தை ஒத்திவைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே பேரம் பேசினார்கள். நாங்கள் வராந்தாவில் நின்றோம். படகுத்துறையைப் பற்றி அன்பாக விசாரித்த அதிகாரி இரண்டு முறை மெரேயை வெளியே அழைத்து வந்து ஜன்னலோரம் பேசினார். இரண்டு முறையும் அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, கடலைப் பார்த்துக்கொண்டு, "இல்லை" என்று தலையசைத்தாள். இரண்டாவது முறை என்னைக் கடந்து போகையில், "மறுபடியும் படகுத்துறைதான், டீச்சர்" என்றாள். காதோரப் பூவைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

பிற்பகல் ஒன்றரைக்குக் கதவு திறந்தது. முழுப் பத்தி கிடைக்கவில்லை, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "ஆழ்ந்த கவலை" போயிற்று. "எல்லாத் தரப்பும்" போயிற்று. சூரை மீன் நான்கு பத்தியும் அசையவில்லை. ஆனால் அதற்கும் கையெழுத்துக்கும் நடுவே ஒரு வாக்கியம் வந்திருந்தது: உணவும் மருந்தும் பொதுமக்களைச் சென்றடைய வழிவிட வேண்டும். எல்லா நாடும் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டன. தலைவர் வெளியே வரும்போது என்னைக் கண்டு, "உங்களுக்குத் திருப்திதானே?" என்றார். "ஒரு வரி கேட்டேன், ஒரு வரி கொடுத்தீர்கள். மூன்று நாள் முன்னால் கொடுத்திருந்தால் உங்கள் சாப்பாடு ஆறியிருக்காது" என்றேன். அன்று மாலை லூசியின் கொல்லையில் கேக்கின் மறுபாதியை வெட்டினோம். முந்தின நாளைவிட அது ருசியாக இருந்தது.

ஞாயிறு, விமான நிலையம். படகுத்துறைப் பணம் என்ன ஆகும் என்று மெரேயிடம் கேட்டிருந்தேன். "நிறுத்துவாங்க. அப்புறம் எப்பவாவது கொடுப்பாங்க. அதுவரைக்கும் படகைக் கரையில இழுத்துக் கட்டுவோம்" என்றாள். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. அந்தத் தீவுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நம் பிள்ளைகளுக்கு அதன் பெயரைக்கூட நான் சொல்ல முடியாமல் இருப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பவானி என் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வாசல் வரை வந்தாள்.

"அப்பாவுக்கு மருந்து போய்ச் சேருமோ தெரியாது, டீச்சர்" என்றாள். "ஆனா ஒருத்தரும் வாய் திறக்கேல்லை எண்டு இனி ஆரும் சொல்லேலாது."

"சேரும்மா" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் சொன்னேன்.

பினாங்கில் இறங்கியதும் புழுக்கம் முகத்தில் அறைந்தது. ஆக்லாந்து மாதிரி இங்கே யாரும் என் செருப்பைத் திருப்பிப் பார்க்கவில்லை. அங்கே ஒரு கறிவேப்பிலைக்கு அவ்வளவு விசாரணை. இங்கே நம்மூரில் கடைக்காரர் அதைச் சும்மாவே கொசுறு கொடுக்கிறார். குளித்துவிட்டு நேரே கப்பல் ஏஜெண்டின் அலுவலகத்துக்குப் போனேன். மனிதர் அறிக்கையை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தார். கடற்பாதை, கடற்பாதை, சூரை மீன், சூரை மீன். பொறுமையில்லாமல் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, என் விரலை வைத்துக் காட்டினேன்.

அவர் குனிந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா, இவ்வளவு தூரம் போயிட்டு ஒரே ஒரு வரிதானா கொண்டு வந்தீங்க?"

"ஒரு வரிதான்" என்றேன். "பெட்டிகளை ஏத்துங்க."